பரங்கி ஸ்மூத்தி விஷயமாக மைத்துனிக்கு

நார்டால், மின்னசோட்டா
அக்டோபர் கடைசி

அன்பு மைத்துனி மார்லிஸுக்கு,

உன் அக்காள் புருஷன் ஆரின் ஹாக்ஸ்டாட் எழுதுவது. இங்கே நான் நலம். அடுத்தபடியாக வீட்டில் உள்ள மற்றவர்களும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இந்த வீட்டில் மற்றவர் என்று இருப்பது உன் அக்காள் ஆர்டிஸ் ஒருத்திதான், அவள் நிலைமை உனக்கே தெரியும், ஆகவே அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். அங்கே அரிசோனாவில் நீயும், உன் வீட்டுக்காரன் டுவேனும், உங்கள் வெயிலும், முள்ளுச் செடிகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே ஏரியோரத்தில் காலையில் பனிக்கட்டி படர ஆரம்பித்துவிட்டது. மேப்பிள் மரம் மொத்த இலையையும் நம் வாசலில்தான் கொட்டியிருக்கிறது, வாருவதற்கு நான் ஒருத்தன்தான்.

நிற்க. நீ பத்திரிகையிலிருந்து வெட்டி அனுப்பிய ‘இலையுதிர்கால ருசியில் ஆரோக்கியமான காலை ஸ்மூத்தி’ செய்முறை வந்து சேர்ந்தது. அதன் ஓரத்தில் உன் கையெழுத்தில், ‘ரொம்ப சுலபம் ஆரின், அஞ்சு நிமிஷ வேலை’ என்று எழுதியிருந்தாய். நான் பொறுமைசாலி என்று ஊரில் பெயரெடுத்தவன். அடக்க இல்லம் நடத்திய காலத்தில், அண்ணன் தம்பி சண்டைக்கு நடுவே சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் சிரித்த முகமாக நின்றிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னை உன் ஐந்து நிமிஷம் படுத்திய பாட்டை ஒன்றுவிடாமல் எழுதப் போகிறேன், காப்பி போட்டு வைத்துக்கொண்டு படி.

முதலில் இந்த ஸ்மூத்தி ஏன் என்று நினைவுபடுத்திவிடுகிறேன். நீ தூரத்தில் இருக்கிறாய், போனில் ஆர்டிஸ் உனக்கு நல்ல செய்தியாகப் பொறுக்கித்தான் சொல்லியிருப்பாள். போன மாதம் ஆர்டிஸுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் பெண் மாதிரி இருக்கிறாள், பேச்சு மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. “எடை நூறு பவுண்டுக்குக் கீழ போனா மருந்த நிறுத்திடுவேன், மிஸ்டர் ஹாக்ஸ்டாட். அதுக்கப்புறமும் ஏத்தினா வியாதிக்கு முன்னாடி மருந்தே அவங்கள முடிச்சிடும்” என்றாள். “நிறுத்தினா?” என்றேன். “வீட்டுலயே வச்சு வலி தெரியாம பாத்துக்கலாம்” என்றாள். மார்லிஸ், அந்த வாக்கியத்தை நான் அவளுக்கு முன்பே நூறு பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ‘டாக்டர் வீட்டுலயே வச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாரு’ என்று கடைத்தெருவில் ஒருவர் என்னிடம் சொன்னால், அடுத்த மாதம் அவர் என் கதவைத் தட்டுவார். நான் பெட்டிகளைத் தூசி தட்டி வைப்பேன். அன்றைக்கு ஆர்டிஸின் எடை நூற்றொன்று. வாயெல்லாம் புண், எதைக் கொடுத்தாலும் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்கிறாள். குளிர்ச்சியாக, கொழகொழவென்று, மெல்ல வேண்டாதபடி ஏதாவது இறங்கினால்தான் உண்டு. நீ செய்முறை அனுப்பியது அந்த வாரம்தான், அதற்காக உன்னைச் சபித்தது போக மிச்சத்துக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் ஸ்மூத்திக்கு முன்னால் ஹாட்டிஷ் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு லவோன் ட்வெட்டுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, கதவைத் தட்டுகிறாள். கொத்துக்கறி, நூடுல்ஸ், டப்பா காளான் சூப்பு, மேலே வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டை, எல்லாம் சூடாக அடுப்பிலிருந்து எடுத்தபடி, துணி சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். நீ ஊரைவிட்டுப் போய் வெகுகாலமானாலும் இது மறந்திருக்காது. நார்டாலில் ஒரு வீட்டுக்கு ஹாட்டிஷ் வருகிறது என்றால் அந்த வீட்டில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது என்று அர்த்தம்.

“ஒண்ணுமில்ல ஆரின், சும்மா கொஞ்சம் சாப்பாடு” என்றாள்.

“யாராவது செத்துட்டாங்களா, லவோன்?”

“ஐயோ, என்ன பேச்சு இது! நீங்க ஒத்தையா கஷ்டப்படுறீங்களேன்னு...”

“பாத்திரத்துக்கு அடியில பேரு ஒட்டியிருக்கா?”

நானே குனிந்து பார்த்தேன். வெள்ளை நாடாவில் நீல மையில், ‘எல். ட்வெட்’. பெயர் எதற்கு ஒட்டுவார்கள்? சாவு வீட்டில் பாத்திரங்கள் குவிந்துவிடும், துக்கத்தில் இருப்பவனுக்கு எது யாருடையது என்று தெரியாது, அதற்காகத்தான். ஆயுசு முழுவதும் நான் அடக்கம் முடிந்த வீடுகளில் அந்தப் பாத்திரங்களைத் திருப்பிப் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுத்தவன். “பேரு ஒட்டின பாத்திரம் இப்ப இந்த வாசப்படி ஏறக் கூடாது, எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் எதையும் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலாவது தடவை வாங்கிக்கொள்வதுதான் முறை, லவோனும் அந்த முறைப்படி நாலாவது தடவையும் நீட்டினாள், நான் நாலாவது தடவையும் வேண்டாம் என்றேன். அவளுக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்றே தெரியவில்லை. கையில் கொதிக்கிற பாத்திரத்தோடு அப்படியே திரும்பி நடந்தாள். உள்ளே படுத்திருந்த ஆர்டிஸ், “யாரு ஆரின்? நல்ல வாசனையா வந்துச்சே” என்றாள். யாரோ வழி தப்பி வந்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நூறு பவுண்டா, ஸ்மூத்தியா, ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று உன் துண்டுக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினேன். செய்முறை நீ அனுப்பியது என்று தெரிந்ததும் உன் அக்காள், “அம்மாவோட நீலப் பாத்திரத்தத் தூக்கிட்டுப் போனவ எனக்கு ஆரோக்கியம் சொல்லித் தர்றாளாக்கும்” என்றாள். அந்தப் பாத்திரத்தை உன் அம்மா அவளுக்குத்தான் தருவதாக வாக்குக் கொடுத்தாராம், நீ அடக்கத்தன்று துணியில் சுற்றிக் காரில் வைத்துவிட்டாயாம். இதை இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தீர்ப்புச் சொல்லமாட்டேன், எனக்கு உயிர்மேல் ஆசை இருக்கிறது.

முதல் நாள் பரங்கிக்காய். பேய் வேஷப் பண்டிகைக்கு வாசலில் வைப்பதற்காக வாங்கிய பரங்கியில் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி வழக்கம்போல் முகம் செய்திருந்தேன், அதைக் குடைந்து எடுத்த சதை ஒரு வாளி இருந்தது. கடைக்கு ஏன் போக வேண்டும் என்று அதையே வேகவைத்தேன். முகம் வெட்டுகிற பரங்கி வேறு, தின்கிற பரங்கி வேறு என்று எனக்கு யார் சொன்னார்கள்? நாரும் தண்ணீருமாக வந்தது. அதை, எங்கள் கல்யாணத்துக்கு நீ பரிசளித்து இன்றுவரை பெட்டி பிரிக்காமல் இருந்த மிக்ஸியில் ஊற்றி, பொத்தானை அழுத்தினேன். மூடி போட வேண்டும் என்பது பொத்தானுக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மார்லிஸ், அந்த மிக்ஸிக்கு இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்த ஆத்திரம். கூரை, ஜன்னல் திரை, என் மூக்குக் கண்ணாடி, சுவரில் மாட்டியிருக்கும் இயேசுநாதர், ஒருவரும் தப்பவில்லை. சத்தம் கேட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஆர்டிஸ் வந்து நின்றாள், என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். கோடைக்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்ததில் உதட்டுப் புண் வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடியில் மிஞ்சிய அரை டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். “வித்தியாசமா இருக்கு” என்றாள்.

நம் ஊர்க்காரி உனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும். பாதிரியாரின் மனைவி செய்த மீன் புட்டைச் சாப்பிட்டுவிட்டும் ‘வித்தியாசமா இருக்கு’ என்றுதான் சொன்னோம், அப்புறம் அது கோழிக்குப் போயிற்று. நம் ஊரில் ஒரு சாப்பாட்டுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டம் ‘மோசமில்ல’ என்பது. நான் அந்த ‘மோசமில்ல’ ஒன்றுக்காக மறுநாள் டவுனுக்குப் போய், டப்பாவில் அடைத்த நல்ல பரங்கி விழுது வாங்கி வந்தேன். இந்தத் தடவை உன் செய்முறையில் ஒரு எழுத்துப் பிசகவில்லை. பாதாம் பால், ஆளி விதை, ஒரு கைப்பிடி கேல் கீரை, அப்புறம் நீ சிவப்பு மையில் அடிக்கோடிட்ட இலையுதிர்கால மசாலா: லவங்கப்பட்டை, ஜாதிக்காய், சுக்கு, கிராம்பு. பரங்கியின் மஞ்சளும் கீரையின் பச்சையும் சேர்ந்து என்ன நிறம் வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை, அந்த நிறத்தை நான் தொழிலில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆர்டிஸ் டம்ளரை முகத்தருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

“இது சமையக்கட்டு வாசனை இல்ல ஆரின்.”

“பின்ன?”

“உன்னோட கீழ்த்தள வாசனை.”

மோந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. அடக்க இல்லத்துக் கீழ்த்தளத்தில் நாங்கள் பிணத்தைப் பதப்படுத்த வாங்கும் திரவத்தில் நாற்றம் தெரியாமல் இருக்கக் கிராம்பு எண்ணெய் கலந்திருக்கும். தினமும் சாயங்காலம் நான் மாடியேறி வரும்போது என் சட்டையில் அந்த வாசனைதான் இருக்குமாம். கல்யாணமான புதிதிலிருந்து அதைப் பொறுத்துக்கொண்டவள், இப்போது டம்ளரில் வைத்து அதையே நீட்டினால் பாவம் என்ன செய்வாள்? “பரவால்ல, வை. வாசல்ல உக்காந்து மெதுவா குடிக்கிறேன். நீ உள்ள போய் மிக்ஸியக் கழுவு” என்றாள். கழுவிவிட்டு வந்து பார்த்தேன், டம்ளர் காலி. எனக்கே ஆச்சரியம்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலை வெயில் வாசலில் விழுந்ததும், என்னுடைய மான் வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள், அந்தக் கோட்டு ஒன்றில்தான் அவளுக்குக் குளிர் அடங்குகிறது. பக்கத்தில் நான் முகம் வெட்டிவைத்த பரங்கி. நான் டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் மிக்ஸியைக் கழுவுவேன். திரும்பி வந்தால் டம்ளர் காலி. நானும் சும்மா இருக்கவில்லை, உன் ஆரோக்கியத்தை ஒவ்வொன்றாக அடக்கம் செய்தேன். முதலில் கேல் கீரை போயிற்று. அடுத்து ஆளி விதை. பாதாம் பாலுக்குப் பதில் கெட்டிப் பசும்பால், அப்புறம் க்ரீம். கிராம்பை ஒழித்தேன். மேப்பிள் பாகு, வேர்க்கடலை வெண்ணெய், ஒரு உருண்டை வெனிலா ஐஸ்கிரீம். ஒருநாள் அவசரத்தில் பரங்கி விழுதுக்குப் பக்கத்து டப்பாவை எடுத்து வந்துவிட்டேன். அது பரங்கிப் பை என்கிற இனிப்புப் பண்டம் செய்வதற்காக முன்கூட்டியே சர்க்கரையும் மசாலாவும் கலந்து வைத்த டப்பா, லேபிளில் இருக்கும் படம் ஒன்றேதான், இந்த நாட்டில் வருஷாவருஷம் இந்த மாதத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் இதே டப்பாவில் ஏமாந்து வீட்டில் திட்டு வாங்குகிறார்களோ! ஆனால் எனக்குத் திட்டு விழவில்லை. அன்றைக்கு நான் வாசலில் நின்றிருக்கும்போதே ஆர்டிஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “ரொம்ப அருமையா இருக்கு ஆரின்” என்றாள்.

அருமை! உன் குடும்பத்தில் எவர் வாயிலிருந்தாவது அந்தச் சொல் வந்து நீ கேட்டதுண்டா? நான் அவளைப் பெண் கேட்டபோதுகூட ‘சரி, அப்படியே செய்யலாம்’ என்றுதான் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதெல்லாம் மிக்ஸி ஓடும்போது அதன் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஞானப்பாட்டுக்கூடப் பாடுகிறேன்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவே தொல்லைகளுக்கும் குறைவில்லை. இந்த வருஷம் அணில்கள் நம் வாசலையே சத்திரமாக்கிக்கொண்டுவிட்டன. ஒவ்வொன்றும் பூனைக்குட்டி அளவு கொழுத்து, விரட்டினால் நகரக்கூட மாட்டேன் என்கின்றன. நான் வெட்டிவைத்த பரங்கி முகமும் சீக்கிரமே தொய்ந்து, பல்லிடுக்கில் காவி நிறத்தில் நீர் வழிந்து பலகையெல்லாம் கறை. கடைக்காரன் அழுகலைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு, மீன் பிடிக்கத் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளைப் பெட்டி நிறைய வைத்திருந்தேன், பெட்டி இருக்கிறது, குண்டுகளில் பாதியைக் காணோம். லவோனின் புருஷன்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஹாட்டிஷைத் திருப்பி அனுப்பியதற்குப் பழி வாங்குகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நர்ஸ், “கோட்டக் கழட்டிடலாமாம்மா?” என்றாள். “குளிருதும்மா” என்றாள் ஆர்டிஸ். நர்ஸும் நம் பக்கத்துப் பெண்தான், நடுங்குகிற ஒருத்தியிடம் அதை இரண்டாம் தடவை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, கோட்டுக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டாள். கழித்தது போக நூற்று மூன்று! மார்லிஸ், நூற்று மூன்று. டாக்டரம்மா முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். “என்ன குடுக்கிறீங்க, மிஸ்டர் ஹாக்ஸ்டாட்?” என்று கேட்டாள், நான் பரங்கி ஸ்மூத்தி என்றேன், ஐஸ்கிரீமைப் பற்றி வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை அடுத்த மருந்து ஏற்றுவதென்று முடிவாகிவிட்டது. தராசை விடு, எனக்கே தெரிந்தது. காரில் ஏற்றும்போது தாங்கிப் பிடித்தேன், உண்மையாகவே கனத்தாள். வாழ்நாளெல்லாம் மனிதர்களைத் தூக்கியவன் நான், என் கை பொய் சொல்லாது. வண்டியில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் பனி படர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வெகுநேரம் துடைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே, அவசரமாகப் புறப்பட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த டிக்கெட்டை உடனே ரத்து செய். இப்போது நீ வந்து இறங்கினால் ஊரில் வேறு மாதிரிப் பேசுவார்கள், லவோன் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். ஈஸ்டருக்கு வா. பனி உருகியிருக்கும், உன் அக்காள் எழுந்து நடமாடுவாள், நீங்கள் இரண்டு பேரும் நீலப் பாத்திரத்துக்காக நேருக்கு நேர் சண்டை போடலாம், நான் மிக்ஸியைப் போட்டுவிட்டு நடுவில் பாடிக்கொண்டிருப்பேன்.

ஆண்டவர் உங்கள் வீட்டுக்குள் போவதையும் வருவதையும் காப்பாராக. டுவேனை வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல். உன் செய்முறைக்கு மறுபடியும் நன்றி. இனி வேறெதுவும் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்,
ஆரின்

பி.கு. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் முன் ஒரு காரியம் நடந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் அடிக்கவில்லை, அடித்தால் இத்தனை பக்கத்தையும் அடிக்க வேண்டும். நாளைக்குத் தெருப் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வருவார்களே, பரங்கிக்குள் மெழுகுவத்தி வைக்கலாம் என்று மூடியைத் தூக்கினேன். உள்ளே வாய்வரைக்கும் ஸ்மூத்தி. அடியில் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், அதற்கு மேல் க்ரீம், நான் என்னென்ன மாற்றிச் செய்தேனோ அதே வரிசையில் படிந்திருந்தது. ஒரு அணில் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நக்கத் தொடங்கியது. நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன், ஆணியில் மாட்டியிருந்த வேட்டைக் கோட்டு தோளில் இடித்துக் கழன்று என் கால்மேல் விழுந்தது. கட்டைவிரல் வீங்கிவிட்டது. பை, உள்பை, அடித்துவைத்த முயலைப் போடும் முதுகுப் பை, எல்லாவற்றிலும் என் ஈயக் குண்டுகள். என் கை பொய் சொல்லவில்லை மார்லிஸ், கனம் கனம்தான்.

ஆர்டிஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து?” என்றேன்.

“அந்தப் பச்சைக் கண்றாவிலேர்ந்து. அத எவ குடிப்பா?”

“அருமைன்னு சொன்னியே!”

“அப்பவே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா, மக்குக் கிழவா? நம்மூர்ல எவன் அருமைன்னு சொல்லிருக்கான்?”

“அந்த எடைய நம்பி மருந்த ஏத்தியிருப்பாங்களேடி. திங்கக்கிழம உன்னக் கொன்னிருக்கும்.”

“தெரியும்” என்றாள். கூரையில் இருக்கும் காவிக் கறையைப் பார்த்தாள். “முதல்ல குடிக்கத்தான் பாத்தேன் ஆரின், இறங்கல. ஆனா காலைல நீ மிக்ஸியப் போட்டுட்டுப் பாடுற. கேக்காதுன்னு நினச்சுக்கிட்டுப் பாடுற. இத்தன வருஷத்துல நீ பாடி நான் கேட்டதில்ல. நான் குடிக்கலன்னு சொன்னா அதோட நின்னு போயிருமே. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு பாத்தேன்.” அப்புறம், “எனக்கு மருந்து போதும். ரொம்ப அசதியா இருக்கு. டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு” என்றாள்.

கோட்டில்லாமல் குளியலறைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். வந்த எடையை இங்கே எழுதவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை மருந்து கிடையாது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள், அதே வாக்கியம். இந்தத் தடவை தட்டுவதற்கு எனக்கு இன்னொருவர் கதவு இல்லை.

போனை வைத்ததும் ஆர்டிஸ், “அன்னிக்கு லவோன் கொண்டு வந்தத ஏன் திருப்பி அனுப்பின? வாசனைலேயே எனக்கு ஆசையா இருந்துச்சு” என்றாள். வழி தப்பி வந்தது யார் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். நொண்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனேன். லவோன் கதவைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவர்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் வைத்திருந்த ஹாட்டிஷை அப்படியே எடுத்தாள். பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து அடியில் இருந்த நாடாவை நகத்தால் கிள்ளப் போனாள். “இருக்கட்டும் லவோன், ஒட்டியே இருக்கட்டும்” என்றேன். அவள் அழுதாள், நான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன், மூன்று தடவை வேண்டாம் என்று சொல்ல மறந்துபோனேன்.

நூடுல்ஸைக் குழம்பில் நசுக்கி ஊட்டினேன். இரண்டு ஸ்பூன் இறங்கியது, நானே தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டு, “மோசமில்ல” என்றாள்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. முன்னால் கிடைக்கிற விமானத்தில் வா. உங்கள் அம்மா செய்துவந்த காட்டரிசி ஹாட்டிஷ் உனக்குத்தான் கைவரும் என்கிறாள் உன் அக்காள், இதை அவள் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. அந்த நீலப் பாத்திரத்தை மறக்காமல் எடுத்து வா. அடியில் யார் பெயரை ஒட்டுவது என்று கேட்டேன். “மார்லிஸ் பேரையே ஒட்டிக் கொண்டு வரச் சொல்லு” என்றாள்.